கழி விழுவது உயரத்தால் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

குதிரைகள் தடை தாண்டும் போட்டி பற்றி விளையாட்டுப் பக்கத்தில் எப்போதாவது செய்தி வந்தால், தடையின் உயரத்தைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. தடையின் மேல் கிடத்திய கழியைக் குதிரை தட்டிவிடுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. போட்டிக்கு முன் வீரர்கள் குதிரை இல்லாமல் களத்தில் நீள நீளமாகத் தப்படி வைத்து நடப்பது அந்தத் தூரத்தை அளக்கத்தான்.

கேன்டர் என்ற நடுத்தர வேக ஓட்டத்தில் வளர்ந்த குதிரையின் ஒரு பாய்ச்சல் (ஓடும்போது வைக்கும் ஓர் எட்டு) ஏறக்குறைய 12 அடி, அதாவது 3.65 மீட்டர். நம் தப்படி 3 அடி என்றால், நான்கு தப்படிக்கு ஒரு பாய்ச்சல். தாண்டி இறங்க இரண்டு தப்படி, அடுத்த தடைக்கு எழும்ப இரண்டு தப்படி, ஆக நான்கைக் கழித்துவிட வேண்டும். 20 தப்படி வந்தால் மீதி 16, நாலு பாய்ச்சல். 18 வந்தால் மூன்றரை. அரைப் பாய்ச்சல் என்று குதிரைக்கு ஒன்று கிடையாது. நீட்டி மூன்றாக்குவதா, பிடித்து நாலாக்குவதா என்பதை நடக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவில்லாமல் போனால் குதிரை தடைக்கு மிக அருகில் வந்து முன்னங்காலால் கழியைத் தட்டும். இல்லையேல் எட்டத்திலிருந்து எழும்பி, ஆக்ஸரின் (முன்னும் பின்னுமாக இரண்டு கழி வைத்த அகலத் தடை) பின்கழியைப் பின்னங்காலால் தள்ளும். தாண்டாமல் நின்றுவிடுவதும் உண்டு. இரண்டு மூன்று தடைகளை நெருக்கமாக வைத்த கூட்டுத் தடையில் இரண்டாவதன் முன் நின்றால், மறுபடி முதல் தடையிலிருந்தே தாண்டி வர வேண்டும்.

கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது தப்படியில்தான். 3 அடி என்பது இயல்பான நடை அல்ல. அது 2 அடி 9 அங்குலமாகச் சுருங்கினாலே போதும்: 60 அடித் தூரம் கிட்டத்தட்ட 22 தப்படியாகி, சரியான நாலு பாய்ச்சல் நாலரையாகத் தெரியும். தரையில் 36 அடிக்கு டேப் விரித்து, 12 தப்படியில் முடிகிறதா என்று அடிக்கடி நடந்து பார்க்க வேண்டும். ஆழமான மணலிலும் அவசரத்திலும் தப்படி தானாகவே குறுகும்.

தடையின் அடிப்பகுதியில் குதிகாலை ஒட்டி வைத்துத் தொடங்குங்கள். ஆக்ஸர் என்றால் பின்கழியின் அடியிலிருந்து, அடுத்த தடையின் முன்கழி வரை. வளைந்து செல்லும் வழியைக் குறுக்கே நேராக நடந்து அளப்பதில் பயனில்லை. குதிரையை எந்த வளைவில் கொண்டுபோவீர்களோ அதே வளைவில் நடக்க வேண்டும்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் களம் அதை மாற்றிவிடும். இறக்கத்திலும், வெளியேறும் வாசலை நோக்கியும் பாய்ச்சல் நீளும். கால் புதையும் மணலிலும் ஏற்றத்திலும் குறுகும். தண்ணீர்த் தடையையும், கழிகள் படிப்படியாக உயரும் டிரிபிள் பாரையும் தாண்டும் குதிரை தள்ளிப்போய் இறங்குவதால், அடுத்த தூரம் அளந்ததைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

மட்டக்குதிரையில் பழகும் பிள்ளைகளுக்கு 12 அடிக் கணக்கு பொருந்தாது. வாரிவிட்ட மணலில் குதிரையைக் கேன்டரில் விட்டு, ஒரே குளம்பின் அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு இடையே டேப் பிடித்தால் அதன் பாய்ச்சல் தெரிந்துவிடும். தடை தாழ்வாக இருந்தால் எழும்பவும் இறங்கவும் 6 அடி வேண்டியதில்லை. பயிற்சியில் தூரத்தைச் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும்.

நடக்கும்போது திருப்பங்களையும் பார்த்து வையுங்கள். 400 மீட்டர் பாதை, நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகம் என்றால் கிடைப்பது 69 விநாடிதான். ஒவ்வொரு திருப்பத்திலும் அகலமாகச் சுற்றினால், ஒரு கழிகூட விழாத குதிரைக்கும் நேரம் தாண்டியதற்கான தண்டப் புள்ளி விழும்.

– குதிரையேற்றப் பயிற்சியாளர், கோவை