தோடங்கண்டு தாற ஐயாமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

நீங்க எங்களுக்கு மானியத்தில தோடங்கண்டு, அதுதான் ஒரேஞ்சுக் கண்டு, பிரிச்சுத் தந்த கதை உங்களுக்குத் தெரியும், முதல்ல இருந்து சொல்லத் தேவல்ல. மாரி முடிஞ்ச கையோட மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரைப் பக்கம் ஒருக்கா வந்து அந்த மரங்களப் பாத்திட்டுப் போங்க.

எங்கட வளவு மரத்தில அடிப்பட்டை வெடிச்சுப் பிசின் வடியுது. கத்தி நுனியால சுரண்டினா உள்ளுக்குப் பச்சையா இருக்கவேண்டிய இடம் மண்ணிறமா ஊறிப்போய் கிடக்கு, ஒரு புளிச்ச மணம் வேற. மேல இலையெல்லாம் மஞ்சள், இப்பதான் காய்ப்புக்கு வந்த மரம், பிடிச்ச காயும் பழுக்க முந்திக் கொட்டுது. வெள்ளம் நிண்டதாலதான் எண்டு சொல்லுவீங்க, சரி, ஆனா கார்த்திகை மார்கழியில இஞ்ச தண்ணி நிக்கிறது நேற்றைக்குத் தொடங்கின விசயமா?

தோடைய ஒட்டியிருக்கிற வேரோட சேந்த அடிமரம், அதுதான் ஒட்டுக்கட்டை, என்ன இனம் எண்டு கேட்டுப் பாத்தன். ஒருத்தர் ரஃப் லெமன் எண்ட எலுமிச்சை இனம் எண்டார், மற்றவர் "அது கொழும்பால வந்தது" எண்டார், அப்பிடியும் ஒரு இனம் இருக்காக்கும்.

ரஃப் லெமன் கூடாத சாமான் இல்ல, வேர் ஆழமாப் போகும், வெயிலத் தாங்கும், மரம் கிடுகிடுண்டு வளரும், கடற்கரைப் பக்கம் களுதாவளை, செட்டிபாளையம் மணலுக்குத் தந்தா கும்பிட்டு வாங்குவாங்க, ஆனா தண்ணி நிக்கிற களியில வேரையும் அடிப்பட்டையையும் அழுக வைக்கிற பைட்டொப்தோரா நோய் வந்தா அது நிண்டு பிடிக்காது. அதில வாற பழமும் தோல் தடிச்சு, இனிப்பும் இல்லாம புளிப்பும் இல்லாம கிடக்கும். சந்தையில ஆக்கள் எடுத்து அமத்திப் பாத்திட்டு அப்பிடியே வெச்சிட்டுப் போறாங்க. மூண்டிலைத் தோடை இனமான ட்ரைபோலியேட் கட்டையெண்டா அழுகலத் தாங்கும், பழமும் நல்ல ருசி, ஆனா உப்பு ஆகாது, வாவிக்கரைக்கு அதக் குடுத்தாலும் பிழைதான், அங்க காய்க்கப் பிந்தினாலும் உப்பத் தாங்கிற கிளியோபட்ரா மன்டரின் கட்டை, இல்லாட்டி ரங்பூர் லைம் கட்டைதான் சரி. மறுகா அழுகலுக்கு நல்லம் எண்டு புளித்தோடைக் கட்டையில ஒட்டித் தந்திராதீங்க, 1930களில தொடங்கி ஆர்ஜென்டினா, பிரேசில் பக்கம் அந்தக் கட்டையில நிண்ட தோடை மரங்கள் ட்ரிஸ்டெசா வைரஸில லட்சக்கணக்கில செத்தது. இதெல்லாம் நீங்க படிச்ச பாடம், நான் உங்களுக்குப் படிப்பிக்க வரல்ல.

நாங்க கேக்கிறது ஒண்டுதான், கண்டில ஒட்டுக்கட்டைட பேர எழுதிக் கட்டுங்க. இப்பவும் ஒரு மட்டை கட்டித்தான் வருது, திட்டத்திட பேர் மூண்டு பாசையில கிடக்கு, பெரியவர்ர படமும் கிடக்கு, வேர் என்ன எண்டு மட்டும் இல்ல. 2021ல அரசாங்கம் ரசாயன உரத்த நிப்பாட்டினதும் இப்பிடித்தான், மணலுக்கும் களிக்கும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே சட்டம், வயல் மஞ்சளாகி நிக்கக்குள்ள வந்து பாக்க ஒருத்தரும் இல்ல. கண்டு குடுக்கிற அண்டைக்கு மட்டும் மாலை, மைக், போட்டோ எல்லாத்துக்கும் காசு இருக்கு, ஒரு மண் பரிசோதனைக்குத்தான் பஞ்சம்.

சரி, கோவத்தில நீட்டிட்டன், குறை நினைக்காதீங்க. அடுத்த முறை கண்டு தர முந்தி எந்தக் காணி மணல், எது களி, எங்க உப்பு எண்டு பாத்து அதுக்கேத்த கட்டையில ஒட்டினதத் தாங்க, ஒட்டின இடம் மண்ணுக்கு மேல ஒரு சாண் நிக்கவேணும் எண்டதயும் நடுற ஆக்களுக்கு நேர காட்டிக் குடுங்க. தயவுசெய்து ஒட்டுக்கட்டைட பேர அந்த மட்டையில போடுங்க. இடம் காணாட்டி படத்தக் கொஞ்சம் சின்னனாக்கலாம்.

இப்படிக்கு,
படுவான்கரைத் தோட்டக்காரன்