அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

சிறுவர்களுக்கான வேதியியல் சோதனை நூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கும், அவற்றை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைகள் என்று எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் இது இருக்கிறது. அதன் கீழே அச்சாகும் விளக்கமும் உங்களுக்குப் பழக்கமானதுதான்: டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் முழுவதும் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஏறுகிறது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். இந்த விளக்கம் தவறு. அடுத்த பதிப்பிலாவது அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தவறு என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். பேசாமல்தான் இருந்தேன். போன வாரம் என் மகளின் நோட்டைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

அவளுக்குப் பத்து வயது. உங்கள் புத்தகங்களில் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு செய்தாள். நான் தீக்குச்சி கிழித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்ததோடு சரி. கண்ணுக்குத் தெரியட்டும் என்று தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை விட்டாள். டம்ளரைக் கவிழ்த்ததும் விளிம்புக்கு அடியிலிருந்து நாலைந்து குமிழிகள் வெளியே வந்து உடைந்தன. தண்ணீர் நிற்கும் உயரத்துக்கு, டம்ளரின் வெளிப்பக்கம், ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கண்ணாடியின் உட்புறம் பனி பூத்தது. சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது. அதுவரை தண்ணீர் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே கிடந்தது. சுடர் அணைந்து, நூல்போல ஒரு புகை எழுந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. அவளால் நம்ப முடியவில்லை, திரும்பவும் செய்தாள். அப்புறம் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தாள். அப்புறம் மூன்று. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் முந்தைய உயரத்தைத் தாண்டிப் போனது.

நோட்டில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தாள்: "எரியும்போது தண்ணீர் ஏறவில்லை. அணைந்த பிறகுதான் ஏறியது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் நிறைய ஏறியது. டம்ளர் அதேதான், ஆக்சிஜனும் அதேதான். ஏன்?"

அத்தனை வரியையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, கீழே உங்கள் விளக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "ஏன்?" என்ற சொல்லின் மேலும் ஒரு கோடு. திருத்தியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்த விடை நீங்கள் கொடுத்தது. மகள் அழவில்லை. ரப்பரை எடுத்து, தான் கண்ணால் பார்த்து எழுதியதை அழித்துவிட்டு, அதே இடத்தில் உங்கள் வரியை முத்து முத்தான கையெழுத்தில் பார்த்து எழுதினாள். சிவப்புக் கோடுகள் மட்டும் அழியாமல் அப்படியே கிடந்தன. எனக்குத் தொண்டை அடைத்தது.

அவள் பார்த்ததுதான் சரி. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. விரிந்த காற்றில் கொஞ்சம் குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகப் படிகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்தி என்றால் சூடு அதிகம், வெளியேறும் காற்றும் அதிகம், ஏறும் தண்ணீரும் அதிகம். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாத விஷயம் இதில் எதுவும் இல்லை.

நீங்கள் சொல்லும் கணக்காவது சரிப்படுமா? மெழுகில் இருக்கும் ஒரு வகை மூலக்கூறில் 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. அது எரிய 38 மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். எரிந்து முடிந்ததும் 25 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே நிற்கிறது. அது தண்ணீரில் கரையும்தான், ஆனால் அந்தச் சில நொடிகளில் அவ்வளவும் கரைந்துவிடாது. 38 போய் 25 வருவதால், குறைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்தால்கூட டம்ளரில் காலியாகும் இடம் நூற்றுக்கு ஏழு பங்குதான், இருபத்தொன்று இல்லை. முழுவதும் தீர்வதும் இல்லை. காற்றில் ஆக்சிஜன் சுமார் 16 சதவீதமாகக் குறையும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே தீர வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. துருப்பிடிக்கும் சாதாரண இரும்பு நாரை வினிகரில் நனைத்து, பிழிந்து, உயரமான டம்ளரின் அடியில் திணித்து, தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். துருப்பிடிக்காத எஃகு நார் உதவாது. இரும்பு துருவாக மாறும்போது ஆக்சிஜன் அதோடு சேர்ந்துவிடுகிறது, வேறு வாயு எதுவும் பதிலுக்கு வருவதில்லை. ஓரிரு நாளில் தண்ணீர் மெதுவாக ஏறி ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நின்றுவிடும். தீ வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் இதே காற்றை ஆராயப் பன்னிரண்டு நாள் பாதரசத்தைச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தார். நம் பிள்ளைகள் இரண்டு நாள் காத்திருப்பார்கள். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

எழுத ஆரம்பித்த பிறகு மற்றதும் நினைவுக்கு வருகிறது. எலுமிச்சம்பழத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் குத்தி விளக்கு எரியவைத்துவிட்டு, மின்சாரம் பழத்திலிருந்து வருகிறது என்று எழுதுகிறீர்கள். கரைந்து தேய்வது துத்தநாகம், ஆற்றல் வருவது அதன் வேதிவினையிலிருந்து. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றிப் பொங்கவைக்கும் எரிமலைச் சோதனையில் சிவப்புச் சாயம் எத்தனை சொட்டு என்று சொல்லியிருக்கிறீர்கள், சமையல் சோடா எவ்வளவு என்று சொல்லவில்லை. பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு வார்த்தை இல்லை. இறுக மூடிய பாட்டிலில் அதையே செய்தால் வெடிக்கும் என்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "பெரியவர்கள் உதவியுடன் செய்யவும்." அந்தப் பெரியவர்களுக்கு யார் சொல்வது? எரிமலை பொங்கி முடிந்ததும் பிள்ளைகளின் கை அடுத்த பாட்டிலுக்குத்தான் போகும். அது துணி வெளுக்கும் பிளீச்சாக இருந்து, அதில் வினிகர் விழுந்தால், வருவது நச்சுக் குளோரின். இதைப் பெரிய எழுத்தில், சோதனைக்கு முன்பே, காரணத்தோடு போடுவதற்கு என்ன தடை?

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். என் மகள் முதன்முதலில் சோதனை என்று ஒன்றைச் செய்தது உங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான். ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்கென்று ஆறு சொற்பொழிவுகளை ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே நடத்தினார். எரியும் மெழுகிலிருந்து தண்ணீர் பிறப்பதை அவர்கள் கண்முன்னே காட்டினார். அவள் டம்ளரில் பூத்த பனியும் அதுதான். அந்தப் பனியைப் பற்றி உங்கள் புத்தகத்தில் ஒரு சொல்கூட இல்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த முடியாது என்பது தெரியும். இந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்கு ஒரு பிழைதிருத்தம் வெளியிடுங்கள். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனித்து எழுது" என்று மட்டும் போடுங்கள். தயவுசெய்து.

நன்றியுடன்,
ஒரு தாய்