ஆவடியில் இருக்கும் நண்பனுக்கு, வேத தியானத்தைக் குறித்து

காட்பாடி

அன்புள்ள நண்பனுக்கு,

நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் ஸ்தோத்திரங்கள். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் உன் கையாலேயே எழுதும் அளவுக்குப் பார்வை தெளிந்திருப்பதைக் கண்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். பேத்தி ஊரிசு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வெயில் இன்னும் தணியவில்லை. வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆண்டுதோறும் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வாசித்து முடித்துவிடுவதாகவும், அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் குறியிடாமல் விட்டதில்லை என்றும், ஆனால் காலையில் வாசித்தது பத்து மணிக்கெல்லாம் மனத்தில் இருப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். "வாசிக்கிறேன், ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை" என்ற உன் வார்த்தை என்னை வருத்தியது. நம் வயதில் இருக்கும் விசுவாசிகள் பலரும் இதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே சொல்லத்தான் தயங்குகிறார்கள்.

வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஓராண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசித்தாக வேண்டும். அந்த வழக்கத்தை நீ விட்டுவிடக் கூடாது. முழு வேதத்தையும் அறிந்திருப்பவனுக்கே ஒரு வசனம் எங்கே நிற்கிறது, யாரை நோக்கிப் பேசுகிறது என்பது விளங்கும். ஆனால் வாசிப்பு வேறு, தியானம் வேறு. யோசுவாவுக்குக் கர்த்தர் "இரவும் பகலும் அதைத் தியானித்துக்கொண்டிருப்பாயாக" என்று கட்டளையிட்டபோது, யோசுவா ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர் அல்லர். மோசே மரித்துப்போய், யோர்தான் முன்னால் இருக்க, ஒரு ஜனக்கூட்டம் முழுவதையும் நடத்தும் பொறுப்பு தோள்மேல் ஏறியிருந்த நேரம் அது. புத்தகச் சுருளை விரித்துவைத்துக்கொண்டு இரவும் பகலும் அமர்ந்திருக்க அவரால் முடிந்திருக்காது. அப்படியானால் அந்தத் தியானம், வேலைக்கு நடுவிலும் உள்ளத்தில் சுமந்து செல்லக்கூடிய ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான்கு அதிகாரங்களை யாராலும் அப்படிச் சுமக்க முடியாது; நான்கு வசனங்களைச் சுமக்கலாம்.

ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்குப் பணிய மறுத்த திருச்சபையினருக்காக, 1935 இல் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற போதகர் ஒரு குருத்துவப் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். அங்கே மாணவர்கள் ஒவ்வொரு நாள் காலையிலும் அரை மணி நேரம் மௌனமாக ஒரு சிறிய வேதபகுதியைத் தியானிக்க வேண்டும். அதுவும் வாரம் முழுவதும் அதே பகுதியை. விளக்கவுரைகளைத் திறக்கக் கூடாது. பிரசங்கக் குறிப்பு எடுக்கவும் கூடாது. இன்று இந்த வார்த்தை எனக்கு என்ன சொல்கிறது என்று மட்டுமே கேட்க வேண்டும். இறையியல் கற்றுத் தேர்ந்த அந்த இளைஞர்கள் பலருக்கு இந்த அரை மணி நேரம் தொடக்கத்தில் பெரும் பாரமாக இருந்தது என்பதை நீ கவனிக்க வேண்டும். மனம் அலைவது உனக்கு மட்டும் நேரும் குறை அன்று. 1937 இல் ஹிட்லரின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அந்தப் பள்ளியை மூடிவிட்டது. அதற்குப் பிறகும், பல இடங்களுக்குச் சிதறிப்போன அந்த மாணவர்களுக்கு அவர் சுற்றறிக்கைக் கடிதங்கள் எழுதினார். தியானிக்க வேண்டிய வேதபகுதிகளும் அவற்றோடு சென்றன. தூரத்தில் இருப்பவர்கள் ஒரே வார்த்தையின் முன்னால் ஒரே வேளையில் நிற்பது எத்தனை பெரிய ஐக்கியம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இதெல்லாம் படித்தவர்களுக்குத்தானே என்று நீ எண்ணிவிடாதபடி எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாயாரைப் பற்றி எழுதுகிறேன். கணவர் இல்லை, பீடி சுற்றிப் பிழைக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது. முதல் நாள் நனைத்து வைத்த இலையைக் காலையில் தகர அளவை வைத்துக் கத்தரித்துக்கொண்டே, பள்ளிக்குக் கிளம்பும் பேத்தியிடம் இரண்டு வசனம் வாசிக்கச் சொல்வார். பேத்தி போன பிறகு, மடியில் முறத்தை வைத்து, தூளை இட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டும்போதெல்லாம் அந்த வசனம் அவர் வாயில் இருக்கும். ஒரு வாரம் 121 ஆம் சங்கீதம். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்பதை நம் ஊரில் கேட்பவர் எவரும் நிமிர்ந்து மலையைத்தான் பார்ப்பார்கள். எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு மொட்டைப் பாறை மலை தெரியும் ஊர் இது. வீட்டு ஜெபக் கூட்டத்தில் அவர் சொன்னது இது: "ஐயா, நானும் நாலு நாளா மலையவே பாத்துக்கிட்டு இருந்தேன். அஞ்சாம் நாள்தான் அடுத்த வரி காதுல விழுந்துச்சு. ஒத்தாசை மலையிலேர்ந்து வரல, மலைய உண்டாக்கினவர்கிட்டேர்ந்து வருது." பிறகு, "பகலிலே வெயிலாகிலும், இரவிலே நிலவாகிலும் உன்னைச் சேதப்படுத்துவதில்லை" என்ற வசனத்தைச் சொல்லி, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தன்னை ஆண்டவர் மறக்கவில்லை என்று அழுதார். எருசலேமுக்கு நடந்தே ஏறிச்சென்ற யாத்திரிகர்கள் பாடிய ஆரோகண சங்கீதங்களில் ஒன்று அது என்பதும், அவர்களுக்கு வெயில் உண்மையாகவே உயிருக்கு ஆபத்தாக இருந்தது என்பதும் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தத் தாயார் அந்தச் சங்கீதத்துக்குள் குடியிருந்த அளவுக்கு நான் அதற்குள் போயிருக்கவில்லை என்று அன்று உணர்ந்தேன்.

ஆகவே, உன் ஆண்டு வாசிப்பை மாலை நேரத்துக்கு மாற்றிக்கொள். காலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வாய்விட்டு மெதுவாக வாசி. கைபேசியில் வேண்டாம், வசனத்துக்கு நடுவே வாட்ஸ்அப் செய்தி வந்து விழும். பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றை வாங்கிக்கொள். உன் கண்ணுக்கும் அதுவே நல்லது. மனம் எங்கே நிற்கிறதோ அந்த வார்த்தையில் நின்று, அதையே ஜெபமாக மாற்று. பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், எழுந்தவுடன் ஜெபிக்கத் தொடங்கினால் வெகுநேரம் மனம் சிதறுவதாகவும், வேதத்தைத் தியானிப்பதில் தொடங்கியபோது ஜெபம் தானாகவே எழுந்ததாகவும் 1841 இல் எழுதி வைத்திருக்கிறார். அதன் உண்மையை நீயே சீக்கிரத்தில் காண்பாய்.

பகலில் வரும் காத்திருப்பு நேரங்களையும் வீணாக்காதே. மனைவியின் முழங்கால் வலிக்காக நான் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகும்போது, டோக்கன் எண் வரும்வரை அந்த வார வசனத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது, "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்பது அவர்களுக்கான வேண்டுதலாகவே மாறிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தியானம் ஆறுதலோடு நின்றுவிடாது. 15 ஆம் சங்கீதத்தை ஒரு வாரம் தியானிக்க எடுத்துக்கொண்ட நம் நண்பர் ஒருவர், "தன் பணத்தை வட்டிக்குக் கொடாமலும்" என்ற இடத்தைத் தாண்ட முடியாமல் மூன்று நாட்கள் தவித்து, கடன் வாங்கியிருந்த ஏழைக் குடும்பத்தின் வட்டியை முற்றிலும் விட்டுக்கொடுத்தார். வேகமாக வாசித்திருந்தால் அந்த வரியை அவர் கடந்து போயிருப்பார். யாக்கோபு நம்மை வசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருக்கச் சொல்வது இதைத்தான்.

வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தியானிப்பதைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைகளில், கர்த்தரின் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 வராத ஆண்டு இல்லை. எத்தனையோ வீடுகளின் கூடத்தில் அது தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் உள்ள வசனம். அதற்கு முந்திய வசனமே எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லிவிடுகிறது. கடிதத்தைப் பெற்ற முதியவர்களில் பலர் ஊர் திரும்பாமலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களிடம்தான் கர்த்தர், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறார். முழுப் பகுதியோடும் ஒரு வாரம் இருந்து பார்த்தால், அந்த வாக்குத்தத்தம் அட்டையில் இருப்பதைவிடக் கனமானது, அதைவிட நம்பத்தக்கது என்பது தெரியும்.

இதை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மகன் வீட்டுக்குக் குடிபோன பிறகு, ஆவடி உனக்கு இன்னும் அந்நியமாகவே இருக்கிறது என்றும், மாலையில் பேச ஓர் ஆள் இல்லை என்றும் உன் கடிதத்தில் நடுவே ஒரு வரி எழுதி, உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். ஆகவே வருகிற திங்கட்கிழமை முதல் நாம் இருவரும் எரேமியா 29 இன் முதல் பதினான்கு வசனங்களை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணி எனக்கு வசதி. உனக்கும் ஆகுமா என்று எழுது. ஏழாம் வசனம், அவர்கள் கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணச் சொல்கிறது. உன் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாருக்காக உன்னால் ஜெபிக்க முடிந்தது என்பதை வாரக் கடைசியில் எனக்குத் தெரிவி. இங்கே எனக்குத் தோன்றியதை நானும் எழுதுகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதே. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன் அன்பு நண்பன்