பெருநிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பிரிவில் 18 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் பணித்திறன் மதிப்பீட்டில் ஊழியர்களைக் கட்டாயமாக மேல், கீழ் என்று வரிசைப்படுத்தும் முறையைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். பெருநிறுவனப் பணியையே பழிப்பது என் நோக்கம் அன்று. அது எனக்குத் தந்தவற்றை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

சிறிய நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளர் பணம் தரத் தாமதித்தாலே சம்பளம் தள்ளிப்போகலாம்; எனக்கு ஒரு மாதம்கூட அப்படி நேர்ந்ததில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் படுத்திருந்தபோது என் வேலையை ஏற்றுக்கொள்ள ஆள் இருந்தது. பெரிய நிறுவனங்கள் சிறியவற்றைவிடக் கூடுதல் ஊதியம் தருவதைப் பொருளியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கவனித்து வருகிறார்கள். ஆனால் ஊதியத்தைவிட நான் பெரிதாக மதிப்பது, என்னைவிட ஆழமாகத் தொழில் தெரிந்த மூத்தவர்கள் பக்கத்து இருக்கைகளில் இருந்ததையும், நிறுவனம் மாறாமலே மூன்று துறைகளில் வேலை கற்க முடிந்ததையும்தான்.

இழப்புகளும் உண்டு. ஒரு சிறு திருத்தத்திற்கு ஐந்து பேரின் ஒப்புதலைக் கேட்டு நிற்பதும், செய்த வேலை யாருக்குப் பயன்பட்டது என்று தெரியாமலே போவதும், அளவு பெருத்த எந்த அமைப்பிலும் ஓரளவு இருக்கக்கூடியவை என்பதால் அவற்றைப் பொறுத்துக்கொண்டேன். கட்டாயத் தரவரிசையை அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது அளவினால் வந்ததன்று. நீங்கள் விரும்பி ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று வேலையைப் பார்க்குமுன்னரே வகுத்துவிடும் இந்த 'பெல் கர்வ்' (மணி வடிவ வளைகோடு) முறை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்தில் மேலே 20, நடுவில் 70, கீழே 10 விழுக்காடு என்ற பங்கீடாகப் புகழ்பெற்றது. பெரும் எண்ணிக்கையிலான மக்களை அளக்கும்போது நடுவில் பலரும் இரு முனைகளில் சிலருமாகத் தென்படக்கூடிய ஒரு பரவலை, பல சுற்று நேர்காணல்களில் நீங்களே வடிகட்டி எடுத்த எட்டுப் பேரிடம் எதிர்பார்ப்பதற்குக் கணித நியாயம் எதுவும் இல்லை.

எங்கள் குழுவில் எட்டுப் பேர்தான். ஓர் ஆண்டு, கடினமான பணி ஒன்றைக் குறித்த நாளுக்குள் முடித்திருந்தோம். ஆயினும் ஒருவரைக் கடைசி இடத்தில் வைத்தே ஆக வேண்டியிருந்தது. மகப்பேறு விடுப்பில் சென்று திரும்பியிருந்த தோழியை வைத்தார்கள். "யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்" என்று மேலாளர் சொன்னபோது அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. மறு ஆண்டு, ஒருவர் எழுதிய நிரலில் பிழை கண்ட இன்னொருவர், அதை அவரிடம் சொல்லாமல் மதிப்பீட்டுக் கூட்டம்வரை காத்து வைத்திருந்தார். அவர் தீயவர் அல்லர் என்பதை நான் அறிவேன். அடுத்தவர் தாழ்ந்தால்தான் தாம் தப்பலாம் என்ற விதியை அவர் சரியாகப் புரிந்துகொண்டார், அவ்வளவே.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் 1913இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சுமையை இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனித்து இழுக்கும் விசையில் ஏறத்தாழப் பாதியையே செலுத்தினார்கள். அதற்கு அவர் முதன்மையாகச் சொன்ன காரணம் சோம்பல் அன்று. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாமையே. கூட்டம் பெருகினால் ஒத்திசைவு தானாகவே குறையும் என்னும்போது, உள்ளவர்களையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவது மிஞ்சிய ஒத்திசைவையும் கெடுக்கும்.

இம்முறையைக் கைவிட்டால் ஒழுங்கு குலையும் என்று அஞ்ச வேண்டாம். பல ஆண்டுகள் இதைக் கடைப்பிடித்த மைக்ரோசாப்ட் 2013 நவம்பரில் இதை நீக்கியது. சரிவர வேலை செய்யாதவரைக் கண்டறிய ஒதுக்கீடு தேவையில்லை; அன்றாடம் அவரோடு பேசும் மேலாளரே போதும்.

ஆகவே, வரும் மதிப்பீட்டுச் சுற்று தொடங்குமுன் சிறிய குழுக்களுக்கேனும் இந்த ஒதுக்கீட்டை நிறுத்திவையுங்கள். அதுவரை, புதிதாகச் சேர்பவரிடம் காப்பீட்டையும் விடுப்பு நாட்களையும் எழுதித் தரும் அதே தாளில், ஆண்டு முடிவில் குழுவில் எத்தனை பேர் கீழே வைக்கப்படுவார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
18 ஆண்டுகள் உங்களுள் ஒருவரிடம் பணியாற்றிய ஊழியன்