சின்னராசுவின் நடுவிரல்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மாணிக்கம்,

நீ நலம் என்று உன் தங்கச்சி சொன்னாள். இங்கேயும் நலம். மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது, என் முட்டிவலி அப்படியேதான், வீட்டுச் சேதி முடிந்தது. நான் அனுப்பும் குரல் பதிவை நீ திறப்பதே இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி. கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நம்ம சின்னராசு விரலை வெட்டிக்கொண்டான். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும்போது இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து அரிவாளுக்கு அரம் போடும்போது வழுக்கியிருக்கிறது. இடது கை நடுவிரலின் அடிப்பகுதி. ஒரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) தோலைத் தைத்து, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காயம் ஆறியது, விரல் மடங்கவில்லை. கையைச் சும்மா மேசையில் வைத்தால் மற்ற மூன்று விரலும் வளைந்து கிடக்கும், அது மட்டும் விறைப்பாக நிற்கும். தேத்தண்ணிக் கடையில் ஒருத்தன் தன்னைத்தான் காட்டுகிறான் என்று சண்டைக்கே வந்துவிட்டான். தோட்டத்தில் பெரிய கிராணி (தலைமைக் கணக்கர்) காலத்தில் நடந்திருந்தால் வேலையே போயிருக்கும்!

நான்தான் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைக்கென்றே தனி டாக்டர். நம்ம பெண். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவராம். ஐந்து வருஷம் மருத்துவம், இரண்டு வருஷம் பயிற்சி டாக்டர், நான்கு வருஷம் எலும்பு மருத்துவத்தில் முதுகலை, அதற்கும் மேலே கை அறுவைக்கென்று தனிப் பயிற்சி. அத்தனையும் முடித்துவிட்டு வந்து, "அண்ணே, கையைத் திருப்பி வையுங்க" என்கிறார்.

அவர் சோதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் தொடவே இல்லை, கை கிடக்கும் விதத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டை மெல்லப் பின்னால் சாய்த்தார். அப்படிச் சாய்த்தால் விரல்கள் தானாக உள்ளே மடங்க வேண்டும். மூன்று மடங்கின, நடுவிரல் நின்றது. முழங்கைக்குக் கீழே உள்ள சதையை அழுத்தினார், அதற்கும் அது அசையவில்லை. அப்புறம் நடுக் கணுவைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னார். வரவில்லை. விரலை மடக்குகிற சதை முன்னங்கையில் இருக்கிறது, அதன் நரம்புக்கயிறு மணிக்கட்டு வழியாக விரல்நுனி வரை ஓடுகிறது. மோட்டார் பிரேக் கேபிள் உறைக்குள் ஓடுகிற மாதிரி. டாக்டர்கள் தசைநாண் என்கிறார்கள். ஒரு விரலுக்கு இரண்டு கயிறு, ஒன்று நுனி எலும்புக்கு, மற்றது நடு எலும்புக்கு. இவனுக்கு இரண்டுமே அறுந்து, மேல்துண்டு உள்ளங்கைக்குள் ஏறிவிட்டது. தோலைத் தைத்தவர் விரலை ஒருதரம் மடக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அவன் வெட்டிக்கொண்ட இடத்துக்கு அந்தக் காலத்தில் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே பெயராம். அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல் என்ற பெரிய கை டாக்டர் வைத்தது. குறுகலான குழாய்க்குள் இரண்டு கயிறும் நெருங்கி ஓடுவதால் தைத்தால் ஒட்டிக்கொள்ளும், தோலை மட்டும் மூடு, பிறகு பார்க்கலாம் என்பார்கள். 1960களில் கிளைனர்ட் என்பவர் உடனே தைத்து, விரலை அசைத்துக்கொண்டே இருந்தால் தேறும் என்று காட்டிய பிறகுதான் மாறியது. இன்னொன்று கேள். தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு வேலூரில் தசைநாணை இடம் மாற்றி வைத்த பால் பிராண்ட் 1914இல் பிறந்தது எங்கே தெரியுமா? கொல்லிமலையில். உன் தாத்தா ஓயாமல் பெருமை பேசிய அதே கொல்லிமலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் பாவம்.

ஆபரேஷனில் இவனை மயக்கவே இல்லை. கையில் மரத்துப்போகும் ஊசி, ரத்தம் கசியாமல் இருக்க அதிலேயே கொஞ்சம் அட்ரினலின். விரலில் அதைப் போட்டால் விரல் அழுகும் என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். கனடாவில் லலோண்ட் என்ற கை டாக்டரும் கூட்டாளிகளும் 3,110 பேருக்குப் போட்டுப் பார்த்து, யாருக்கும் விரல் போகவில்லை என்று 2005இல் எழுதினார்கள். விழித்திருப்பதில் லாபம் இதுதான்: தைத்ததும் டாக்டரம்மா, "இப்ப மடக்குங்கண்ணே" என்றாராம். தையல் இழுபடாமல் குழாய்க்குள் ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுத்தான் மூடினார். இவன் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்து, "வெள்ளையா இருக்குடா, மீன் நரம்பு மாதிரி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புறங்கையில் ஒரு பிளாஸ்டிக் அச்சு கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் கழற்றக் கூடாது. கட்டுக்குள்ளேயே மணிக்கொரு தடவை, சொல்லிக்கொடுத்த மாதிரி மட்டும் விரலை அசைக்க வேண்டும். பாரம் தூக்க மூன்று மாதம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தையல் மிகவும் நொய்ந்து இருக்குமாம். வலி இருக்காது, விரலும் மடங்கும், ஆள் தேறிவிட்டேன் என்று நினைப்பான். நம்ம ஆள் இப்போது சரியாக அங்கேதான் நிற்கிறான். முந்தாநாள் போனால் அச்சு அலமாரி மேலே கிடக்கிறது, இவன் இடது கையால் தண்ணி வாளி தூக்குகிறான். கத்தினேன். சிரிக்கிறான். "தூக்க முடியுதே, பாரு" என்கிறான். அறுந்தால் மறுபடி தைப்பது முதல் தடவை மாதிரி இருக்காது, வேறு இடத்திலிருந்து கயிறு எடுத்து வைக்க வேண்டிவரலாம் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

காசுதான் அவன் கவலை என்று நினைத்தேன். வேலையில் பட்ட காயம், சொக்சோவில் (தொழிலாளர் காப்புறுதி) தினக்கூலியில் 80 விழுக்காடு வரும், விண்ணப்பப் பாரத்தை நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கவலை காசைப் பற்றி இல்லை. அவன் நிரையை (அவன் குலை வெட்டும் மர வரிசையை) வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் குடைகிறது. நாற்பது வயதிலிருந்து அவன் பார்த்த நிரை. பொண்டாட்டி சொன்னாலும் கேட்கவில்லை, நான் சொன்னால் முறைக்கிறான்.

அந்தப் பன்றி விவகாரத்துக்குப் பிறகு உன் பேச்சை மட்டும்தான் கேட்கிறான். போன் போடு. இந்த வாரமே. ராத்திரி எட்டுக்கு மேல் போடு, அதற்கு முன்னால் போன் பேரனிடம் இருக்கும். திட்டாதே, நிரை எங்கேயும் போகாது என்று சொல். நான் எழுதினேன் என்று மட்டும் வாய் விட்டுவிடாதே.

உன்,
சேகர்