ஊசி போடுகிற வேலை

அன்புள்ள கயலுக்கு,

"அஞ்சரை வருஷம் கால்நடை மருத்துவம் படிச்சுட்டு ஊசி போடுறேன், மாட்டுக் காதுல வில்லை மாட்டுறேன், அதுல இருக்குற 12 இலக்க நம்பரை கம்ப்யூட்டர்ல ஏத்துறேன், அவ்வளவுதாம்ப்பா" என்று போனில் சொன்னாய். சென்னையில் நாய், பூனை பார்க்கும் உன் தோழிகள் அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்ற ஏக்கமும் குரலில் தெரிந்தது. போனில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதான் எழுதுகிறேன்.

நான் இதே துறையில் வேலைக்கு வந்தபோது மாடுகளுக்கு வெக்கை நோய் இருந்தது. காய்ச்சல், வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல் என்று சில நாளில் மாடு விழுந்துவிடும். குணப்படுத்த மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். இந்தியாவில் அது கடைசியாகப் பதிவானது 1995ல், நம் வட ஆற்காட்டுப் பக்கம்தான். அப்புறம்தான் பொறுமையான வேலை தொடங்கியது. ஊசியை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகப் போய், வாய்ப்புண்ணும் கழிச்சலுமாக மாடு ஏதும் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். 2006ல் இந்தியாவில் அந்த நோய்க்கிருமியே இல்லை என்று அறிவித்தார்கள், 2011ல் உலகத்திலேயே இல்லை என்றார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் முற்றாக ஒழித்தது அது ஒன்றைத்தான். நீ அதைப் பாடமாகப் படித்தாய், ஒரு மாட்டிலும் பார்த்ததில்லை. அதை ஒழித்ததில் பாதி வேலை, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்களுடையது.

கோமாரி ஊசிக்கு ஜனங்கள் மறுக்கிறார்கள் என்றாயே, அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் குறையலாம். அதை மறைக்காதே, முதலிலேயே சொல்லிவிடு. காலையில் பால் கறந்து முடித்த நேரமாகப் போ. பால் சொசைட்டி செயலாளரை உடன் வரச் சொல். அவர் மாட்டுக்கு முதலில் போட்டுவிட்டால் மற்ற வீடுகள் தானாக வரும்.

எனக்கு உண்மையான கவலை கருச்சிதைவு நோய் ஊசியில்தான். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்குப் போடும் அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளும்போது ஊசி உன் கையில் ஏறினாலோ, ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலோ நோய் உனக்கு வரலாம். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். நம் துறையில் அப்படிக் கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மருந்துக் குப்பியைத் திறக்காதே. நஞ்சுக்கொடி எடுக்கக் கூப்பிட்டாலும் அப்படித்தான். வெறுங்கையை உள்ளே விடாதே, வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

இன்னொன்று, திடீரென்று செத்த மாட்டுக்கு மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றே எடுத்துக்கொள். அறுக்காதே, யாரையும் அறுக்கவும் விடாதே. காற்று பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல வருஷம் கிடக்கும். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து அனுப்பிவிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல். கறிக்குக் கேட்டு ஆள் வந்து நிற்பார்கள். அவர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை கண்ணு, அந்த ஊரையே நீ காப்பாற்றுகிறாய்.

2030க்குள் ஆட்டுக்கொல்லி நோயை உலகத்தில் இல்லாமல் செய்ய இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது, ஒரு தடவை போட்டால் சில வருஷம் காக்கும். உன் எல்லையில் மந்தை ஓட்டி வருகிற கீதாரிகள் எந்த மாதம் எங்கே கிடை போடுகிறார்கள் என்று இப்போதே கேட்டுக் குறித்து வை. விடுபடுவது பெரும்பாலும் அவர்கள் ஆடுகள்தான்.

அன்புடன்,
அப்பா