காலுக்குப் பலம் வேண்டும், தம்பி

கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

இந்த மாத ரிப்போர்ட்டில் உன் கிரியாட்டினின் 11-லிருந்து 8-க்கு இறங்கிவிட்டது என்று மருமகள் போனில் சந்தோஷமாகச் சொன்னாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கவலை புகுந்துவிட்டது. போனில் சொன்னால் நீ "சரிம்மா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, மருமகளும் படிக்கட்டும்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் அது ஏற ஏற சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். அத்தனை வருஷமும் அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்தே இருந்தோம். அதனால் அது இறங்கினால் நல்லது என்று வீட்டில் எல்லாருக்கும் பதிந்துபோய்விட்டது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கணக்கு வேறு. உனக்கு யூரின் அநேகமாக நின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், அதே மிஷின். இதில் எதுவும் மாறவில்லை. அப்படியிருக்கும்போது கிரியாட்டினின் மட்டும் மாதாமாதம் இறங்கினால், அதை உண்டாக்குகிற சதையே கரைகிறதா என்று பார்க்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்கள். உடம்பில் சதை இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

வேறு காரணமும் இருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது உன்னைப் பார்த்தேனே. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது சுவரைப் பிடித்தாய். தொடை இளைத்திருக்கிறது, பேண்ட் தொளதொள என்று இருக்கிறது. எடை மட்டும் அதே 62 கிலோ. இதுதான் எனக்குப் பயம் தருகிறது. சதை இரண்டு கிலோ போய், அந்த இடத்தில் நீர் இரண்டு கிலோ சேர்ந்தாலும் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. டிரை வெயிட், அதாவது கூடுதல் நீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை, 62 என்று சீட்டில் எழுதியிருப்பதால் டெக்னீஷியன் அதுவரைக்கும்தான் நீரை இழுப்பார். மிச்ச நீர் உள்ளேயே தங்கி பிரஷரை ஏற்றும், கணுக்காலில் வீங்கும், ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும். நான் டயாலிசிஸ் வார்டில் வேலை பார்த்த காலத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பேருந்து ஏறி தானாக வந்துகொண்டிருந்த மனுஷர், ஒரு வருஷம் கழித்து மகன் தோளைப் பிடித்து வருவார், அப்புறம் வீல்சேர். சிறுநீரகம் முதலிலேயே போய்விட்டது, அதற்குத்தான் மிஷின் இருக்கிறது. அவரைப் படுக்க வைத்தது கால்தான்.

சதை ஏன் போகிறது என்றால் காரணம் ஒன்றல்ல. ரத்தத்தில் அமிலம் தேங்கினால் உடம்பு தன் சதையையே அரிக்கும். நாள்பட்ட அழற்சி ஒரு பக்கம், பசியின்மை ஒரு பக்கம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் கழிவோடு சேர்ந்து சுமார் 6 முதல் 8 கிராம் அமினோ அமிலமும் போய்விடுகிறது. இதற்கெல்லாம் மேல், அசையாமல் இருப்பது. டயாலிசிஸ் அன்று நான்கு மணி நேரம் படுக்கை, வீட்டுக்கு வந்தால் அசதியில் மறுபடி படுக்கை. மறுநாள் "நேற்றுதானே டயாலிசிஸ்" என்று ஓய்வு. அதற்கு மறுநாள் மறுபடி டயாலிசிஸ். வாரம் முழுக்க ஓய்விலேயே போய்விடுகிறது. மருமகள் தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொண்டுவந்து தருகிறாள். குட்டி ஓடிப்போய் செருப்பை எடுத்து வைக்கிறான். அவர்கள் பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா, மாமியார் என்ற இரண்டு உரிமையிலும் சொல்கிறேன், உன் டம்ளரை நீயே எழுந்துபோய் எடு.

மொட்டைமாடியில் நடக்கிறேன் என்று சொன்னாய். நல்லது, விடாதே. நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் சதை வளர நடை மட்டும் போதாது. தசைக்கு அது வழக்கமாகத் தூக்குகிற பாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் பாரம் வேண்டும், அதுவும் போகப்போகக் கூட வேண்டும். ஜெர்மனியில் 21 டயாலிசிஸ் மையங்களில் இதை ஒரு வருஷம் செய்து பார்த்து 2023-இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று என்னோடு வார்டில் இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னாள். டயாலிசிஸ் ஓடும்போதே படுக்கையில் பெடல் மிதிப்பதும் தசைப் பயிற்சியும், வாரம் மூன்று தடவை. ஒரு நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார்கள். தொடக்கத்தில் இரண்டு பிரிவுக்கும் சராசரி 16. வருஷக் கடைசியில் பயிற்சி செய்தவர்களுக்கு 19. செய்யாதவர்களுக்கு 15-க்கும் கீழே. மூன்று தடவைதானே கூடியது என்று நினைக்காதே. சும்மா இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே நிற்கவில்லை, இறங்கியிருக்கிறார்கள் பார். அத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலானவர்கள் உன்னைவிட ரொம்ப வயதானவர்கள்.

நீ ஜிம்முக்குப் போக வேண்டாம். கையில்லாத, உறுதியான ஒரு நாற்காலி போதும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள். இரண்டு கையையும் நெஞ்சில் மடித்துக்கொண்டு எழு, அப்புறம் மெதுவாக உட்கார். உட்காரும்போது தொப்பென்று விழாதே, மூன்று எண்ணிக்கொண்டு இறங்கு. இறங்குவதில்தான் தொடைக்கு நிஜமான வேலை இருக்கிறது. எட்டு தடவை முடிந்தால் எட்டு, பத்து முடிந்தால் பத்து. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இன்னொரு சுற்று. கை ஊன்றாமல் முடியவில்லையென்றால் முதல் வாரம் நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கிக்கொள். அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கு. இது கெண்டைக்காலுக்கு. அப்புறம் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காலாக முன்னால் நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கு. இதற்காக உன் பழைய ஜீன்ஸைக் கிழித்து அரைக் கிலோ மணல் பை இரண்டு தைத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருகிறேன். கணுக்காலில் கட்டிக்கொண்டு நீட்ட வேண்டும். பன்னிரண்டு தடவை சுலபமாக வருகிறது என்றால் அப்போது மணலைக் கூட்டலாம். ராத்திரி படுக்கப் போகும் முன் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்கு. அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது.

மூச்சை அடக்காதே. அடக்கிக்கொண்டு முக்கினால் பிரஷர் ஒரேயடியாக ஏறும். வாய்விட்டு எண்ணு, எண்ணுகிறவன் மூச்சை அடக்க முடியாது. செய்யும்போது மருமகளோடு ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்குச் சிரமம் இருக்க வேண்டும். குதிப்பதும் வெடுக்கென்று தூக்குவதும் வேண்டவே வேண்டாம். பாஸ்பரஸும் பாராதைராய்டு ஹார்மோனும் வருஷக்கணக்கில் ஏறியிருந்தால் எலும்பும் தசைநாரும் பலவீனமாக இருக்கும், திடீர் இழுப்பில் முழங்காலுக்கு மேலே இருக்கிற தசைநார் அறுந்துபோன நோயாளியைப் பார்த்திருக்கிறேன்.

எந்த நாள் என்று கேட்பாய். உனக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஆகவே புதன், வெள்ளி, ஞாயிறு செய். திங்கள்கிழமை வேண்டாம். சனிக்குப் பிறகு இடைவெளி நீளம் என்பதால் திங்கள் ராத்திரிக்குள் நீரும் பொட்டாசியமும் உடம்பில் ஏறி நிற்கும், இதயத்துக்கு அது கஷ்டமான நேரம். டயாலிசிஸ் முடிந்து வந்த உடனேயும் வேண்டாம், பிரஷர் இறங்கியிருக்கும், தலை சுற்றும். உங்கள் யூனிட்டில் அனுமதித்தால் மிஷின் ஓடும்போதே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கால் பயிற்சி செய்யலாம். கடைசி இரண்டு மணி நேரத்தில் நீர் நிறைய எடுத்திருப்பார்கள், அப்போது செய்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

இனி ஃபிஸ்டுலா கை, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கிற கை. இதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லி உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் இடது கையை நீ தூக்குவதே இல்லை, சட்டைப் பட்டனைக்கூட ஒரு கையால் போடுகிறாய். ஆபரேஷன் செய்த புதிதில் பாரம் தூக்காதே என்று சொன்னது சரி. அப்போதும் பந்தை அமுக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? ரத்த ஓட்டம் கூடினால்தான் அந்த நாளம் தடிக்கும். இப்போது நன்றாக முதிர்ந்து, ஊசி போட்டுக்கொண்டிருக்கிற கை. அதை அசைக்காமலே வைத்திருந்தால் தோளும் முழங்கையும் விறைத்துப்போகும். ஆகாதது எதுவென்றால், அந்த இடத்தில் அழுத்தம். முழங்கை மடிப்பில் பையை மாட்டுவது, அந்தக் கையின்மேல் தலைவைத்துப் படுப்பது, இறுக்கமான வாட்ச், அந்தக் கையில் பிரஷர் பார்ப்பது, இவை கூடாது. ஊசி எடுத்த அன்று அந்தக் கையால் எதையும் தூக்காதே, ரத்தம் கசியும். மற்ற நாளில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று ஃபிஸ்டுலா போட்ட டாக்டரையே கேட்டுக்கொள். தினமும் காலையில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கிறாய் அல்லவா, பயிற்சிக்குப் பிறகும் ஒரு தடவை பார். அதிர்வு நின்றுவிட்டால் விடியும்வரை காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாப்பிடாமல் பயிற்சி செய்தால் இருக்கிற சதையும் போகும். டயாலிசிஸுக்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள், அந்தப் பழக்கத்திலேயே இன்னும் இருக்கிறாய். இப்போது எடையில் ஒரு கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். உனக்குச் சுமார் 62 முதல் 74 கிராம். முட்டையின் வெள்ளைக்கரு ஒன்றில் மூன்றரை கிராம் இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மீனும் கோழியும் அளவாகச் சேர்த்துக்கொள், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்துகிற மாத்திரையைச் சாப்பாட்டோடு மறக்காமல் போடு. கடையில் விற்கிற புரோட்டீன் பவுடர் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே, பல டப்பாக்களில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். வியர்த்தது என்று இளநீர் குடிக்கக் கூடாது. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பு, ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள். அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்.

நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்து. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாக இருந்தால் போ, தயங்காதே. காய்ச்சல் இருந்தால், ஒரு டயாலிசிஸ் தவறியிருந்தால், மேல் பிரஷர் 180-ஐத் தாண்டியிருந்தால், அன்று விடுமுறை. ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்திருந்தால் எத்தனை மனசு வைத்தாலும் உடம்பு வராது, முதலில் ரத்தம் ஊறுவதற்கான ஊசியும் இரும்புச்சத்தும் சரியாகப் போகிறதா என்று பார்க்கச் சொல்.

என் சிறுநீரகத்தைக் கொடுத்திருப்பேன், சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. உறுப்பு தானத்துக்கான அரசு அமைப்பான டிரான்ஸ்டானின் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் போக வேண்டும். அந்தப் பெரிய ஆபரேஷனைத் தாங்கவும், மறுநாளே எழுந்து நடக்கவும் உடம்பில் பலம் வேண்டும். பட்டியலில் காத்திருக்கும் காலத்தில் நீ உனக்காகச் செய்துகொள்ளக்கூடிய வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நம் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருக்கிற தாத்தாவுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து போகிறார். 2021-இல் தொடங்கியதிலிருந்தே அதில் பிசியோதெரபி உண்டு. கோயம்புத்தூரில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருமகளை விசாரிக்கச் சொல். முதல் சில தடவை ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போகும்போது கிட்னி டாக்டரிடம் மூன்று விஷயம் கேள். கிரியாட்டினின் ஏன் இறங்கியது? என் டிரை வெயிட்டைத் திரும்பப் பார்க்க வேண்டுமா? கால் பயிற்சி தொடங்கலாமா, என் இதயமும் எலும்பும் அதற்குத் தயாரா? அவர் சரி என்று சொன்ன பிறகு புதன்கிழமையே ஆரம்பி. தொடர்ந்து செய்து சதை ஏறினால் எடையும் கூடும், அதை நீர் என்று நினைத்து இழுத்துவிட்டால் பிரஷர் விழும். அதனால் பயிற்சி செய்கிறேன் என்று டெக்னீஷியனுக்கும் தெரிந்திருக்கட்டும். புதன் ராத்திரி போன் செய், எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாய் என்று சொல். இரண்டு என்றாலும் இரண்டு என்றே சொல்.

அன்புடன்,
அம்மா